பாரீஸ் சீனக்கடையும் எங்கள் சைகோன் பெரியம்மாவும்

முப்பத்தைந்து வருஷம் பாரீசில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு நோணாங்குப்பம் திரும்பியவன் நான். ஊரில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "அங்கே சோத்துக்கு என்ன செஞ்சீங்க?" என்பதுதான். வீட்டில் நம் சமையல், வெளியே போனால் சீனக்கடை என்று சொன்னால் சிரிக்கிறார்கள். பிரான்சு தேசத்துக்குப் போய் சீனாக்காரன் கடையிலா சாப்பிட்டாய் என்கிறார்கள். சுண்ணாம்பாறு படகுத்துறைக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்குக் கடலூர் சாலையில் ஃபிரைட் ரைஸ் போடுகிறார்களே, அதற்காகவா அவ்வளவு தூரம் போனாய் என்று ஒரு நண்பர் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாரீசில் நாங்கள் சீனக்கடைக்குப் போனதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. அது சீனாவில் தொடங்கவில்லை. சைகோனில் தொடங்குகிறது. நம் பக்கத்தில் பல வீடுகளின் சுவரில் தொங்கும் பழைய போட்டோக்களில் அதன் சாட்சிகள் இருக்கிறார்கள். அந்தப் போட்டோக்களில் இருப்பவர்கள் யார் என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்து வருவதால் இதை எழுதுகிறேன்.

சைகோன் சம்பளம்

பிரெஞ்சுப் படை 1859-இல் சைகோனைப் பிடித்தது. 1862-இல் செய்த உடன்படிக்கையில் அதைச் சுற்றியுள்ள மூன்று மாகாணங்கள் பிரான்சு வசமாயின. அந்தக் காலனிக்குக் கொஷான்ஷீன் என்று பெயர். புதுக் காலனியை நடத்த பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்த கீழ்மட்ட ஊழியர்கள் தேவைப்பட்டார்கள். பிரான்சிலிருந்து கொண்டுவந்தால் செலவு. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அப்படிப்பட்டவர்கள் தயாராக இருந்தார்கள். போலீஸ், சிறைச்சாலை, கலங்கரை விளக்கம், தபால், வரி வசூல், சுங்கம் என்று எல்லா இடத்திலும் நம்மவர்கள் போய் உட்கார்ந்தார்கள்.

1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணையை நம் தலைமுறையினர் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கலாம். இந்து, முஸ்லிம் வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால், குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டு 'ரெனோன்சான்' ஆகலாம். இங்கே அதனால் கிடைத்ததைவிட சைகோனில் கிடைத்த பலன் அதிகம். அங்கே நம்மவர்களுக்கு ஓட்டு இருந்தது. அந்த மண்ணில் பிறந்த வியட்நாமியருக்கு அந்த ஓட்டு இல்லை. இதை மறக்காமல் சொல்ல வேண்டும். நாம் அங்கே பிழைக்கப் போனவர்கள் மட்டுமல்ல, ஆண்டவன் பக்கத்தில் நின்றவர்கள்.

குமாஸ்தாக்கள் தவிர வேறு தமிழர்களும் இருந்தார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள், கோயில் கட்டினார்கள். நம் கரையோர முஸ்லிம்கள் ஜவுளிக்கடை வைத்தார்கள். மாடு வைத்துப் பால் ஊற்றியவர்களும் உண்டு. சைகோனில் இன்றும் இருக்கும் மாரியம்மன் கோயிலைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

சைகோனை ஒட்டிச் சோலோன் என்று ஓர் ஊர். வியட்நாமிய மொழியில் பெரிய சந்தை என்று பொருள். அது சீனர்களின் ஊர். அரிசி ஆலை, மொத்த வியாபாரம், மளிகை எல்லாம் அவர்கள் கையில். பிரெஞ்சு அரசாங்கம் அவர்களை மொழிவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவரை வைத்து, தலைவரி வசூலித்தது. வரி கட்டியவன் சீனன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ரசீது எழுதியவன் பல நேரங்களில் நம் புதுச்சேரிக்காரன்.

என் பெரியப்பா அப்படி ஒருவர். 1937-இல் கப்பலேறினார். சுங்கமும் அரசாங்க ஏகபோகமும் சேர்ந்த இலாகாவில் குமாஸ்தா. அபின், சாராயம், உப்பு மூன்றும் அங்கே அரசாங்கத்தின் தனியுரிமை. திருட்டுச் சாராயம் இருக்கிறதா, கள்ள உப்பு இருக்கிறதா என்று கடை கடையாகப் போய்ப் பார்ப்பதும் அந்த இலாகாவின் வேலை. நல்ல சம்பளம். மாதாமாதம் மணியார்டர் வரும். எங்கள் தாத்தா ஓட்டு வீடு கட்டியது அந்தப் பணத்தில்தான்.

சீனாக்காரி வீடு

1954-ஐப் பெரியப்பா கடைசிவரை மறக்கவில்லை. மே 7-இல் தியென் பியென் பூ கோட்டை விழுந்தது. ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம். அக்டோபர் 18-இல் நம் கீழூரில் வாக்கெடுப்பு. 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி கொடி மாறியது. ஒரே வருஷத்தில் அவருக்குப் பிறந்த ஊர், பிழைத்த ஊர் இரண்டும் கைமாறின.

1955-இல் திரும்பி வந்தார். தனியாக வரவில்லை. மீத்தோ மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த பெரியம்மாவும், ஏழு வயதுப் பையனும் கூட வந்தார்கள். சைகோன் மேரியில் பதிவு செய்த முறையான கல்யாணம். இப்படி வியட்நாமிய மனைவியோடு திரும்பியவர்கள் புதுச்சேரி, காரைக்கால் பக்கம் நிறையப் பேர் உண்டு. சொல்தாக்களாகப் போய்த் திரும்பியவர்களிலும் உண்டு. எல்லாருக்கும் இங்கே திரும்ப முடிந்தது என்றும் சொல்ல முடியாது. பிரான்சுக்கே கப்பலேறியவர்களில் பலரைப் பழைய முகாம்களில் குடியமர்த்தினார்கள். தென்மேற்கே சேன்த்-லிவ்ராத் என்ற ஊரில் இருந்த முகாமுக்கு 1956-இல் 1,160 பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் 740 பேர் குழந்தைகள்.

எங்கள் தெருவில் பெரியம்மாவுக்குக் கிடைத்த பெயர் 'சீனாக்காரி'. சின்னக் கண், தட்டை மூக்கு, மஞ்சள் நிறம். ஊருக்கு அது போதும். எங்கள் வீட்டுக்கு அடையாளமே சீனாக்காரி வீடு என்றாயிற்று. பெரியம்மா தெளிவாகத்தான் சொன்னார்: "நா சீனா இல்ல, அன்னாம்." அன்னாம் என்றால் யாருக்கும் புரியவில்லை. ஆயா மட்டும் சீக்கிரம் சேர்ந்துகொண்டது. காரணம் வெற்றிலை பாக்கு. பெரியம்மாவின் ஊரிலும் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் பெண் கேட்பார்களாம். இரண்டு பேரும் பொழுது சாய்ந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, பொது மொழி அரைகுறையாக இருந்தாலும் வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொள்வார்கள்.

1962 வந்தது. ஆகஸ்ட் 16-ஆம் தேதி இணைப்பு சட்டப்படி முழுமையானது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியப்பாவும் என் அப்பாவும் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஆறு மாதத்துக்குள்ளே, அக்டோபரில், சீனா எல்லையில் சண்டை மூண்டது. அஸ்ஸாம், வங்காளம் பக்கத்தில் தலைமுறையாக இருந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை ராஜஸ்தானத்தில் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் செய்தி ரேடியோ வழியாகவோ வாய்வழியாகவோ எங்கள் தெருவுக்கும் வந்தது. "சீனாக்காரியையும் புடிச்சிக்கினு போயிடுவாங்களா?" என்று என்னோடு விளையாடிய பையன்கள் கேட்டார்கள். அந்த இரண்டு மாதமும் பெரியம்மா தெருக்குழாய்க்குப் போகவில்லை. அம்மாதான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். தன் நாடல்லாத ஒரு நாட்டுக்காக ஒருத்தி வீட்டுக்குள் அடைந்து கிடந்ததை நான் பன்னிரண்டு வயதில் பார்த்தேன்.

பதிமூன்றாம் வட்டாரம்

நான் 1973-இல் பாரீசுக்குப் போனேன். அப்போது அங்கே சீனக்கடைகள் இருந்தன, ஆனால் இப்போது போல மூலைக்கு மூலை இல்லை.

பிரான்சில் சீனர்கள் கூட்டமாக வந்தது முதல் உலகப்போரில். ஆள் பற்றாக்குறையால் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து சுமார் 1,40,000 சீனத் தொழிலாளிகளைக் கொண்டுவந்து பதுங்குகுழி வெட்டவும், குண்டுத் தொழிற்சாலையில் வேலை செய்யவும் வைத்தன. போர் முடிந்ததும் பெரும்பாலோர் திரும்பினார்கள். சிலர் தங்கி கார் தெ லியோன் ரயில் நிலையத்தை ஒட்டிய சந்துகளில் குடியேறினார்கள். 1920-களில் மாணவர்களும் வந்தார்கள். பின்னாளில் சீனாவின் தலைவர்களான சூ என்-லாயும் தெங் சியாவ்-பிங்கும் அவர்களில் இருவர். தெங் ரெனோ கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்.

நாங்கள் சாப்பிட்ட சீனக்கடைகள் இவர்கள் வைத்தவை அல்ல. 1975 ஏப்ரல் 30-இல் சைகோன் விழுந்தது. 1978 மார்ச்சில் புது அரசாங்கம் தனியார் வியாபாரத்தை ஒழித்தது. அடி விழுந்தது சோலோன் சீனர்களுக்கு. ஆயிரக்கணக்கில் படகேறினார்கள். 1979-இல் அந்தப் படகு மக்களுக்காக, அரசியலில் எதிரும் புதிருமாக இருந்த சார்த்தரும் ரெமோன் ஆரோனும் ஒன்றாக ஜனாதிபதி மாளிகைக்குப் போனார்கள். அந்தப் படத்தை எல்லாப் பத்திரிகைகளும் போட்டன. வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மூன்றிலிருந்தும் லட்சத்துக்கு மேற்பட்ட அகதிகளைப் பிரான்சு ஏற்றுக்கொண்டது. அவர்களில் பெரும் பகுதி சீன வம்சாவளியினர்.

பாரீசின் தெற்கு ஓரத்தில், பதிமூன்றாம் வட்டாரத்தில், ஒலிம்பியாத் என்ற பெயரில் முப்பது மாடிக் கட்டடங்களை அப்போதுதான் கட்டி முடித்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒலிம்பிக் போட்டி நடந்த ஊரின் பெயர்: சப்போரோ, மெக்சிகோ, ஏதென்ஸ், தோக்கியோ என்று. பாரீஸ்காரர்களுக்கு அந்த உயரம் பிடிக்கவில்லை. நிறைய வீடுகள் காலியாகக் கிடந்தன. அகதிகள் வந்து நிரப்பினார்கள். அவென்யூ தெ சுவாசி, அவென்யூ தீவ்ரி என்ற இரண்டு சாலைகளிலும் மளிகை, காய்கறி, கசாப்பு, உணவகம் என்று சோலோன் சந்தை முளைத்தது. லாவோஸிலிருந்து வந்த சீன வம்சத்துச் சகோதரர்கள் தொடங்கிய தாங் ஃப்ரேர் கடையில்தான் புதுச்சேரிக் குடும்பங்களும் அரிசி மூட்டை, கொத்தமல்லி, கருணை, வெண்டைக்காய் வாங்கினோம். லா ஷப்பேலில் ஈழத்தமிழர் கடைகள் வருவதற்கு முந்திய காலம் அது.

பட்டியலில் இருந்த பெயர்கள்

மத்தியானம் அலுவலகத்தில் கொடுக்கும் தீக்கே-ரெஸ்தொரான் என்ற சாப்பாட்டுச் சீட்டை வைத்துக்கொண்டு பிரெஞ்சு சகாக்களோடு சீனக்கடைக்குப் போவேன். பட்டியலில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு எண். பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாவிட்டாலும் பதினாலு, முப்பத்தெட்டு, அறுபத்திரண்டு என்று சொல்லிவிடலாம். எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சாப்பாடு: முதலில் நெம், பிறகு சர்க்கரைப் பாகில் வேகவைத்த பன்றிக்கறி அல்லது கோழி, கூட ரி காந்தொனே, கடைசியில் பாகில் ஊறிய லிச்சிப் பழம்.

பெரியம்மாவோடு போன பிறகுதான் அந்தப் பட்டியலில் ஒரு பெயரும் சரியான இடத்தில் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

பிரெஞ்சுக்காரர் நெம் என்பது, அரிசித் தாளில் இறைச்சி, இறால், கேரட், கண்ணாடி சேமியா வைத்துச் சுருட்டிப் பொரிப்பது. சைகோனில் அதற்குச் 'சாயோ' என்று பெயர். நெம் என்பது வடக்கத்திய வழக்கு. பிரான்சில் அதுவே நிலைத்துவிட்டது. பெரியம்மாவுக்கு நெம் என்றால் இலையில் கட்டிப் புளிக்கவைத்த பன்றிக்கறி. "இத நெம்முன்னு சொன்னா மீத்தோவுல சிரிப்பாங்க" என்பார்.

காந்தொனே சோறு என்று காண்டன் நகரத்தின் பெயரால் வழங்குவது, முட்டை, பச்சைப் பட்டாணி, ஹாம் போட்ட பொரித்த சோறு. வியட்நாமில் இதே சோற்றுக்கு யாங்சோ சோறு என்று பெயர். யாங்சோ இருப்பது காண்டனிலிருந்து வெகு தூரம் வடக்கே. பாகில் வேகவைத்த பன்றிக்கறி, தெற்கு வியட்நாம் வீடுகளில் புத்தாண்டுக்குச் செய்வதன் தம்பி. 'கறி' போட்ட கோழியும் பட்டியலில் இருக்கும், தேங்காய்ப்பால் ஊற்றி. அது நம்மவர்கள் சைகோனுக்குக் கொண்டுபோனது. அங்கே 'காரி' என்று பெயர் மாறி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்ந்து, ரொட்டியோடு தொட்டுக்கொள்ளும் பண்டமாகி, பாரீசில் சீனச் சாப்பாடாகிவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் கடைக்காரர் இலவசமாகச் சின்னக் கிண்ணத்தில் ஒரு மது தருவார். எல்லாரும் அதைச் சாக்கே என்பார்கள். சாக்கே ஜப்பானியருடையது. இது ரோஜா வாசனை போட்ட சீனத்துச் சோளச் சாராயம். கிண்ணத்தின் அடியில் ஒரு கண்ணாடி வில்லை இருக்கும். மது ஊற்றினால் உள்ளே துணியில்லாத ஒரு பெண் படம் தெரியும், குடித்து முடித்தால் மறைந்துவிடும். பிரான்சில் சீனக்கடைக்குப் போனவர் எல்லாருக்கும் இது தெரியும். பெரியப்பா பக்கத்தில் நாங்கள் இருந்தால் கிண்ணத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டே குடிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா மகன் 1977-இல் அவர்களைப் பாரீசுக்கு அழைத்துக்கொண்டான். 1981 வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் அவென்யூ தெ சுவாசியில் ஒரு கடைக்குப் போனோம். பத்துப் பன்னிரண்டு மேசை உள்ள சின்னக் கடை. முதலாளிக்கு நாற்பது வயது இருக்கும். பட்டியலைக் கொடுத்துவிட்டு பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பெரியம்மா பட்டியலைத் திறக்காமலே அவர் மொழியில், அதாவது சைகோன் வியட்நாமிய மொழியில், என்னென்ன வேண்டும் என்று சொன்னார். அந்த மனிதர் பென்சிலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். புடவை கட்டி, நெற்றியில் பொட்டு வைத்த ஒரு வியட்நாமியக் கிழவி. பக்கத்தில் கருத்த, உயரமான நம் பெரியப்பா.

"சைகோன் சாவாவா?" என்று கேட்டார். பெரியப்பா தலையாட்டினார். சாவா என்றால் ஜாவாக்காரன். தெற்கு வியட்நாமில் நம்மைப் பொதுவாக அப்படித்தான் அழைத்தார்கள். ஜாவா எங்கே, நோணாங்குப்பம் எங்கே! பாரீசிலோ நாங்கள் எந்த மதமானாலும் எல்லாருக்கும் பெயர் 'இந்து'.

பிறகு நடந்த பேச்சைப் பெரியம்மா எங்களுக்கு மொழிபெயர்த்தார். முதலாளி தெயோச்சியு சீனர், சோலோனில் பிறந்தவர். தாத்தா காலத்து மளிகைக்கடை. செட்டியாரிடம் வட்டிக்கு வாங்கி விரிவாக்கிய கடை. 1978-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. படகில் மலேசியா, அங்கே முகாம், பிறகு பாரீஸ். பெரியப்பா எங்கே வேலை பார்த்தார் என்று அவர் கேட்டார். துவானில், அதாவது சுங்கத்தில், என்று பெரியப்பா சொன்னதும் மேசையில் ஒரு கணம் பேச்சு நின்றது.

"துவான்காரர்கள் தெருவுக்குள் நுழைந்தால் என் தாத்தா பாதிக் கதவைச் சாத்துவாராம்" என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பெரியப்பா சிரிக்கவில்லை. "எழுதச் சொன்னதை எழுதினோம்" என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். அவர் உத்தியோகத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே விளக்கம் அதுதான். முதலாளி உள்ளே போய், கீரை, புதினா, துளசி போல ஒரு இலை எல்லாம் குவித்த ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து பெரியம்மா முன்னால் வைத்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கு நாலு இலைதான் கிடைக்கும். பெரியம்மா இலையை விரித்து, சாயோவை வைத்து, வெற்றிலை மடிப்பது போல மடித்து, மீன் சாற்றில் தோய்த்து எங்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். முதலாளியோடு பேசிக்கொண்டே இருந்தார். அவர் அவ்வளவு பேசி, அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஊரில் இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்கு அந்த மொழியில் பேச ஆள் இருந்ததில்லை.

வெளியே வரும்போது பெரியம்மா தமிழில் சொன்னார்: "அந்த முசே நெசமாலுமே சீனாக்காரரு. விக்கறது எங்கூரு சோறு. நா அன்னாம்காரி, எனக்குப் பேரு சீனாக்காரி. நல்லாத்தான் இருக்குது."

மற்ற ஊர்ச் சீனக்கடைகள்

பல ஊர்களில் சீனக்கடை என்பது அந்தந்த ஊரின் சரித்திரம்தான். அமெரிக்காவில் சாப் சூயி என்று ஒன்று. சீனாவில் அதே பெயரில் தேடினால் அமெரிக்கர் தின்னும் பண்டம் கிடைக்காது. நம் நாட்டில் கோபி மஞ்சூரியன் இல்லாத கல்யாண வரவேற்பு குறைவு. மஞ்சூரியன் என்பதை 1970-களில் மும்பையில் செய்து காட்டியவர் கல்கத்தாவில் பிறந்த ஒரு சீனச் சமையற்காரர், நெல்சன் வாங். மஞ்சூரியாவில் பிறந்தவர்களுக்கு அது தெரியாது. கல்கத்தாவின் தாங்ரா பகுதியில் தோல் பதனிட்ட ஹாக்கா சீனர்கள் இல்லாவிட்டால் நமக்கு ஹாக்கா நூடுல்ஸ் இல்லை.

பாரீசில் நம் கதையும் இதே. 'இந்திய உணவகம்' என்ற பலகைக்குப் பின்னால் முதலாளி பல நேரம் பாகிஸ்தானியர், சமையல் பஞ்சாபி வழி. பாலாடைக்கட்டி வைத்த நான் இல்லாத கடை கிடையாது. நோணாங்குப்பத்தில் வளர்ந்த நான் அதை முதலில் பார்த்தது பாரீசில்தான். 2004-இல் பதிமூன்றாம் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் திருட்டுத்தனமாகக் கொழுக்கட்டை பிடிப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். சீனக்கடைகளில் கூட்டம் குறைந்தது. பல கடைக்காரர்கள் பலகையை மாற்றி ஜப்பானிய சூஷி கடையாக்கிவிட்டார்கள். சமையலறையில் நின்றவர்கள் அவர்களேதான்.

இந்தக் கலப்பு நமக்குப் புதிதும் அல்ல. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945-இல் மோர்ட்டிமர் வீலர் தோண்டினார். ரோமாபுரி சாடிகள் கிடைத்தன. பிறகு ஆராய்ந்தவர்கள் சில சாடிகள் திராட்சை மதுவுக்கும், சில ஆலிவ் எண்ணெய்க்கும், சில 'காரும்' என்ற மீன் சாற்றுக்கும் உரியவை என்று கண்டார்கள். மீனை உப்பில் ஊறவைத்து வடித்த அந்தச் சாறும் வியட்நாமிய நுக்மாமும் ஒரே ஜாதி. சோழர் காலத்துச் சீனப் பச்சைப் பீங்கான் துண்டுகளும் அங்கே கிடைத்தன. ஆகவே பெரியம்மா 1955-இல் எங்கள் கொல்லையில் மண்சாடியில் நெத்திலியும் உப்பும் போட்டு மூடி வைத்து, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டதே, அந்த வாடைக்கு இந்தப் பக்கத்தில் இரண்டாயிரம் வருஷப் பாத்தியதை உண்டு. கருவாடு காயவைக்கும் ஊரில் அதற்கு மூக்கைப் பிடித்தது எந்த நியாயம் என்று ஆயா கேட்கும்.

பதிவேட்டில் உள்ள பெயர்

பாரீஸ் குளிர் பெரியப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1984-இல் இருவரும் நோணாங்குப்பத்துக்கே திரும்பினார்கள். இரண்டு வருஷத்துக்கொரு முறை நான் விடுமுறைக்கு வருவேன். பெட்டியில் தாங் ஃப்ரேர் கடை அரிசித் தாளும் கண்ணாடி சேமியாவும் கட்டாயம் இருக்கும். பெரியம்மா முகத்துவாரத்து இறாலைக் கொத்தி, அதில் சாயோ செய்வார். தாள் தீர்ந்துபோனால் அரிசியை ஊறவைத்து அரைத்து, துணியில் ஊற்றி ஆவியில் எடுத்து, இலை வடாம் போலக் காயவைத்துத் தானே தாள் செய்துகொள்வார். எங்கள் வீட்டுப் பெண்கள் இன்று செய்யும் சாயோ அவரிடம் கற்றது. புதுச்சேரியில் பல வீடுகளில் கிறிஸ்துமசுக்கும் கல்யாணத்துக்கும் இதைச் செய்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இளையவர்கள், "பிரெஞ்சு ஐட்டம்" என்கிறார்கள். இன்னும் சிலர் "சைனீஸ்" என்கிறார்கள்.

பெரியம்மா 1991-இல் காலமானார். பென்ஷனுக்குரிய காகிதங்களுக்காக அவர்களுடைய குடும்பப் புத்தகத்தை, லிவ்ரே தெ ஃபாமீயை, நான்தான் எடுத்துப் பார்த்தேன். குமாஸ்தாவாக ஆயிரக்கணக்கான பெயர்களை எழுதியவன் நான். சைகோன் மேரியின் அந்தக் குமாஸ்தா, ஒருவேளை நம்மூர்க்காரராகவே இருக்கலாம், அழகான எழுத்தில் முழுவதும் எழுதியிருந்தார்: அவர் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த கிராமம், மாகாணம் மீத்தோ. ஒரு எழுத்து குறையவில்லை. முப்பத்தாறு வருஷம் அவரோடு சொந்தமாக இருந்த எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர் பெரியப்பா ஒருவர்தான்.

சாவுச் சான்றிதழுக்கு விவரம் கொடுக்கும்போது நான் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே எழுதிக் கொடுத்தேன். பிறந்த நாடு என்ற இடத்தில் வியட்நாம் என்று எழுதினேன்.

இதைப் படிப்பவர்களில் பலர் வீட்டில் ஒரு சைகோன் ஆயா, ஒரு சைகோன் பெரியம்மா, ஒரு அத்தை இருந்திருப்பார்கள். போட்டோ சுவரில் இருக்கும். பெட்டியில் குடும்பப் புத்தகமோ பென்ஷன் காகிதமோ இருக்கும். எடுத்துப் பாருங்கள். அவர்கள் பெயரையும், பிறந்த கிராமத்தையும், அவர்கள் செய்து காட்டிய ஒரு பண்டத்தின் சரியான பெயரையும் போட்டோவின் பின்னால் பேனாவால் எழுதி வையுங்கள். நம் பேரப்பிள்ளைகள் பாரீசில் சீனக்கடைக்குப் போய்ப் பதினாலாம் எண்ணைக் கேட்கும்போது, அதற்குத் தங்கள் வீட்டில் வேறு பெயர் இருந்தது என்று தெரிந்திருந்தால் நல்லது.